வினாவும் விடையும்

புதியதொரு மொழியைக் கற்கத் தொடங்குபவர் எவரும் இலக்கணத்தின் ஆழத்திலே முதலிற் கால் வைப்பதில்லை. பெயர் என்ன, ஊர் எது, எங்கே குடியிருப்பு, என்ன தொழில் என்னும் நான்கு வினாக்களும் அவற்றுக்குரிய விடைகளுமே எம்மொழிக்கும் வாயிற்படி. ஜேர்மன் மொழிக்கும் அதுவே வாயிற்படி. வினாக்கள் சிறியவைதாம். ஆயினும் கேட்பவர் யார், விடை சொல்பவர் யார், விடை சொன்னபின் நேர்வது யாது என்பவற்றைப் பொறுத்து அவற்றின் கனம் மாறுகிறது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களின் வரலாற்றை இந்த நான்கு வினாக்களை வைத்தே சொல்லிவிடலாம்.

வினாவின் இயல்பைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்து வைத்தனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறு வகையாகப் பிரிக்கிறது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாத மாணவன் ஆசிரியரைக் கேட்பது அறியா வினா. கடைக்காரரிடம் அரிசி இருக்கிறதா என்பது வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா. வேலை முடிந்ததா என்று கேட்டு, முடிக்காதவனை முடிக்கத் தூண்டுவது ஏவல் வினா. சொற்கள் ஒன்றாயிருந்தாலும் கேட்பவரின் நோக்கத்தால் வினா வேறாகிவிடுகிறது என்பதே இப்பகுப்பின் உட்பொருள். மக்கள் ஒருவர் மொழியை ஒருவர் கற்ற வரலாற்றை அளப்பதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் கிடைப்பது அரிது.

தமிழருக்கும் ஜேர்மானியருக்கும் இடையே வினாவும் விடையும் தொடங்கிய இடம் தரங்கம்பாடி. பிற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்கள் கப்பலேறிய அதே தமிழகத்தின் கடற்கரையில், டென்மார்க்கு வணிகரின் கோட்டை அங்கே இருந்தது. டென்மார்க்கு மன்னர் நாலாம் பிரெடெரிக்கு அனுப்ப, 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு வந்திறங்கியவர் சீகன்பால்கு. சாக்சனி நாட்டிற் பிறந்த இந்த ஜேர்மானியருக்கு வயது அப்போது 23. அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் கற்பதற்குரிய அச்சு நூலும் கையில் இல்லை. ஆதலின் வயது முதிர்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, மாணவரோடு அங்கேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறுவரோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துக்களைக் கற்றார்.

எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஆசிரியர் அறிந்த மொழியைச் சீகன்பால்கு அறியார். சீகன்பால்கு அறிந்த மொழியை ஆசிரியர் அறியார். அவ்விடத்தில் வந்து உதவியவர் ஜேர்மன் ஆவணங்களில் அலெப்பா எனக் குறிக்கப்படும் துபாசி. அழகப்பன் என்பதே அப்பெயரின் மூலவடிவம் என்பர். டேனிய வணிகர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அவர், போர்த்துக்கேயம், டேனியம், ஒல்லாந்தம் ஆகியவற்றோடு ஜேர்மனும் பேசுவார். ஜேர்மானியர் தமிழ் கற்கத் தொடங்குவதற்கு முன்பே தமிழர் ஒருவர் ஜேர்மன் கற்றிருந்தார் என்பது பலர் நினைவிற் கொள்ளாத செய்தி.

அங்கே எழுந்த வினாக்கள் பெரும்பாலும் அறியா வினாக்கள். சீகன்பால்குவும் அவருடைய துணைவர் கிரண்ட்லரும் தமிழரின் சமயம், வழக்கம், வாழ்க்கை முறை பற்றி வினாக்கள் எழுதி அனுப்ப, கற்றறிந்த தமிழர் விடை எழுதினர். 1712ஆம் ஆண்டு முதல் 1714ஆம் ஆண்டு வரை எழுதப்பட்ட 99 மடல்கள் ஜேர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. அவற்றில் ஐரோப்பியரின் குடிப்பழக்கத்தையும் நடத்தையையும் கண்டித்து எழுதிய விடைகளும் உள்ளன. சமயம் பரப்ப வந்தவரின் நோக்கம் அவருக்கு இருந்தது உண்மையே. ஆயினும், தமக்குப் பிடிக்காத விடையையும் அவர் அச்சிடக் கொடுத்தார். 1714ஆம் ஆண்டு சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் உடன் சென்றார். இலத்தீன் மொழியில் எழுதிய சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716ஆம் ஆண்டு ஹாலேயில் வெளிவந்தது.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் சப்பிரகமுவ வழியே ஒரு ஜேர்மானியர் நடந்தார். உயிரியல் அறிஞர் ஏர்ணஸ்ட் ஹெக்கல் என்பவர் 1882ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலைநாட்டிலிருந்து பெலிகுல் ஓயாப் பக்கமாக இறங்கி, இரத்தினபுரியை அடைந்து, களுகங்கையிற் படகேறிக் களுத்துறைக்குச் சென்றார். அவர் எழுதிய பயண நூல் இலங்கையின் காடுகளையும் தோட்டங்களையும் ஜேர்மன் வாசகருக்கு அறிமுகம் செய்தது. அது கண்ணாற் கண்டவற்றின் நூல். தோட்டத்துத் தமிழரோடு நாள்தோறும் பேச வேண்டிய கட்டாயம் ஹெக்கல் போன்ற பயணிகளுக்கு இருக்கவில்லை. ஆங்கிலேயத் தோட்டத் துரைமாருக்கே இருந்தது.

அத்தோட்டங்களில் மொழி கற்ற முறை வேறு. கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டிலே தோன்றிய இலைநோய் அழித்தபின், மலைகளிலே தேயிலை பரவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும், பெல்மதுளை, காவத்தைப் பகுதிகளிலும் இறப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிமிர்ந்தன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தோர் அங்கே கொழுந்து பறித்தனர், பால் வெட்டினர். நிருவாகம் செய்த துரைமார் ஆங்கிலேயரும் ஸ்கொத்துலாந்தினருமாவர். வேலை வாங்குவதற்குத் தமிழ் வேண்டியிருந்ததால், புதிதாக வந்த சின்னத்துரை தமிழ் கற்றாக வேண்டும்.

அவர்களுக்கென்றே கையடக்க நூல்கள் கொழும்பில் அச்சாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஏ. எம். பெர்குசன் தொகுத்த வழிகாட்டி பல பதிப்புக்களைக் கண்டது. அந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர், தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளர் விளங்கிக்கொள்ளும் தமிழைத் துரைமாருக்குக் கற்பிக்க மற்றொரு நூலை வெளியிட்டார். அதன் பெயர் 'கூலித் தமிழ்'. நூல்களுக்கு இட்ட பெயர்களே அவற்றின் நோக்கத்தை உரைக்கின்றன. ஒன்று ஏவற் சொல்; மற்றொன்று பேசுவோரின் கூலியைக் கொண்டு மொழிக்கு இட்ட பெயர்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான் உண்டு. தமிழில் நீ என்றும் நீர் என்றும் நீங்கள் என்றும் படிகள் உண்டு. இவற்றுள் 'வா', 'போ', 'நில்' என்னும் கீழ்ப்படியையே அந்நூற்பெயர் முதலிற் சொல்லிக் கொடுக்கிறது. விடியுமுன் தப்பு முழங்க, பிரட்டுக் களத்தில் நிறைந்து நின்றவர்களிடம் எத்தனை பேர் வந்தார்கள், ஏன் பிந்தினாய், கூடை நிறைந்ததா என்று கேட்கப்பட்டவை வடிவில் வினாக்கள், பொருளில் ஏவல்கள். 'ஆமாங்க', 'இல்லீங்க', 'சரிங்க துரை' என்பவற்றுக்கு மேல் விடை எதிர்பார்க்கப்படவில்லை. நன்னூல் எட்டு வகை விடைகளைச் சொல்லுகிறது. வினாவுக்கு எதிர்வினாவே விடையாக வருவதும் அவற்றுள் ஒன்று. பிரட்டுக் களத்தில் அவ்வகை விடைக்கு இடமில்லை. துரைமாருள் நல்ல தமிழ் பேசியவர்களும் தொழிலாளரின் நலம் கேட்டவர்களும் இருந்தனர். ஆயினும், நூல் வகுத்த வழி வேலை வாங்கும் வழியே.

மொழி ஒருவழிப் பாதையன்று. துரைமார் தமிழை வளைத்தது போலவே தொழிலாளரும் ஆங்கிலத்தை வளைத்தனர். படைவீரர் அணிவகுப்பைக் குறித்த ஆங்கிலச் சொல் பிரட்டு ஆயிற்று. வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்குரிய சொல் லயம் ஆயிற்று. பெயர்ப் பதிவேடு செக்றோல் ஆயிற்று. கடன் கணக்கை எழுதிய சிறு தாள், துண்டு என்னும் தமிழ்ச் சொல்லாலேயே அரச ஆவணங்களிலும் வழங்கியது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. செக்றோலில் பெயர் எழுதியவர் வேறொருவர் என்பதனால், ஒரே ஆளின் பெயர் ஓர் ஏட்டில் ஒரு வகையாகவும் பிறிதோர் ஏட்டில் வேறு வகையாகவும் பதிந்தது. இந்தப் பிழை பின்னாளில் பெரும் விலை கேட்டது.

சுதந்திரத்தின் பின் அந்த நான்கு வினாக்களையும் அரசு கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ மெய்ப்பிக்கும்படி கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடைபெறாத லயங்களில் அதற்குச் சான்று காட்டுதல் எளிதன்று. 1949ஆம் ஆண்டின் சட்டமோ மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது வசித்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. எந்த ஊர், எங்கே பிறந்தாய், எத்தனை ஆண்டு இருந்தாய், இடையில் எப்போது ஊருக்குப் போனாய் என்னும் வினாக்கள் இப்போது ஐய வினாக்களாயின. கேட்பவரின் ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பு முழுவதும் விடை சொல்பவரின் தலையில் விழுந்தது. செக்றோலில் முனியாண்டி என்றும் விண்ணப்பத்தில் முனுசாமி என்றும் எழுதப்பட்டவர் தாம் ஒருவரே என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பார்?

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை எண்ணாகக் கொண்டு பங்கிட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கதி பின்னர் முடிவாகும் என விடப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இவ்வளவு பெரிய கணக்கில், அம்மக்களை நோக்கி யாரும் அறியா வினாக் கேட்கவில்லை. 1977ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் எழுந்த வன்செயல்களால் சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. 'எந்த நாட்டவர்?' என்னும் எளிய வினாவுக்குச் சட்டப்படியான விடை கிடைக்க 55 ஆண்டுகள் சென்றன.

இந்த வரலாற்றுப் பின்னணியோடு ஜேர்மன் மொழியின் முதற் பாடத்தைத் திறப்பவருக்கு அது வெறும் பாடமாகத் தோன்றாது. இலங்கையில் ஜேர்மன் மொழி களனிப் பல்கலைக்கழகத்திலும் கொழும்பிலுள்ள கெதே நிறுவனத்திலும் கற்பிக்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கைத் தமிழர் பலர் ஜேர்மனியிற் குடியேறினர். ஹாம் நகரில் 2002ஆம் ஆண்டு காமாட்சி அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது. 2007ஆம் ஆண்டு முதல், ஜேர்மனியிலுள்ள கணவனிடமோ மனைவியிடமோ செல்ல விரும்புபவர் அடிப்படை ஜேர்மன் அறிவைத் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும் என்பது பொதுவிதி. அத்தேர்வின் பேச்சுப் பகுதி பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்னும் ஏழு தலைப்புக்களோடு தொடங்குகிறது. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்படியும் கேட்பர். செக்றோலில் பிறர் எழுதிய பெயரைச் சுமந்தவரின் பேரப்பிள்ளை, தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிச் சொல்லும் இடம் அது.

மொழியின் அமைப்பும் தமிழருக்கு முற்றிலும் அந்நியமன்று. 'வோஹேர் கொம்மன் ஸீ?' என்பது 'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்னும் வினா. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எங்கிருந்து, வருகிறீர்கள், நீங்கள்' என வரும். 'இஹ் கொம்ம அவுஸ் ரத்னபுர' என்பது விடை: 'நான், வருகிறேன், இருந்து, இரத்தினபுரி.' தனி வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் உறுதியாக அமரும். அதுவே ஜேர்மன் வாக்கியத்தின் தூண். ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினாவில் அந்த வினைச்சொல் முதலிடத்துக்கு எழுந்து வருகிறது: 'கொம்மன் ஸீ அவுஸ் ரத்னபுர?' தமிழில் எச்சொல்லும் இடம் பெயர வேண்டுவதில்லை. ஐயம் எந்தச் சொல்லில் உண்டோ அதன் ஈற்றில் ஆகாரம் சேர்ந்தாற் போதும்.

'ஏனெனில்' என்னும் பொருளில் 'வைல்' என்று தொடங்கும் துணை வாக்கியத்திலோ வினைச்சொல் கடைசிக்குச் செல்கிறது. 'வைல் இஹ் இன் ரத்னபுர வோன' என்பது 'நான் இரத்தினபுரியில் வசிப்பதால்' என்பதைப் போலவே வினையில் முடிகிறது. ஆங்கிலேயருக்குத் தடுமாற்றம் தரும் இவ்விடத்தைத் தமிழ் மாணவர் தம் வீட்டு முற்றம் போலக் கடந்துவிடலாம். முன்னிலையிலும் ஜேர்மன் மொழி படி அறியும். நெருங்கியவரையும் சிறுவரையும் 'டூ' என்பர். மதிப்புக்குரியவரை 'ஸீ' என்பர். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டோடு வளர்ந்தவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முன்பின் அறியாதவரை 'ஸீ' என்று அழைப்பதே அங்கு முறை. தேர்வறையிற் கேட்கப்படும் முதல் வினாவே 'நீங்கள்' என்றுதான் வரும்.

கவனிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. 'கொம்மன் ஸீ?' என்றால் 'வருகிறீர்களா?' என்பது பொருள். 'கொம்மன் ஸீ!' என்றால் 'வாருங்கள்!' என்பது பொருள். சொல்லும் ஒன்றே, வரிசையும் ஒன்றே. குரல் ஏறினால் வினா, இறங்கினால் ஏவல். எழுத்தைக் காட்டிலும் குரலே பொருளைத் தீர்மானிக்கிறது. பிரட்டுக் களத்தில் வினாவின் உடையில் ஏவலைக் கேட்டுப் பழகிய தலைமுறைகளுக்கு இது புதிய செய்தியாகாது.

தேர்வின் இரண்டாம் பகுதியில் மாணவர் விடை மட்டும் சொல்வதில்லை. முறை மாறி மாறி ஒருவரையொருவர் வினாவ வேண்டும். வினாக் கேட்கத் தெரியாதவர் அப்பகுதியில் முழு மதிப்பெண் பெறார். சிறிய விதிதான். ஆயினும், நூறாண்டுக்கு மேலாக விடை சொல்லும் இடத்திலேயே நிறுத்தப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு மொழி கற்றல் என்பது என்ன என்பதை அது எடுத்துக்காட்டுகிறது. கேட்கவும் உரிமை பெற்றபோதே ஒருவர் மொழியைக் கற்றவராகிறார். தரங்கம்பாடியிலே மணலில் அமர்ந்த ஜேர்மானியர் தமிழரைக் கேட்டார். தமிழர் தயங்காது விடை எழுதினர். தோட்டத்தில் அந்தச் சமநிலை இல்லாததால், அங்கே கற்ற தமிழ் வேலையை வளர்த்ததேயன்றி உறவை வளர்க்கவில்லை.

ஜேர்மன் மொழியில் 'யா' என்றால் ஆம். 'நைன்' என்றால் இல்லை. இவை இரண்டுமல்லாத மூன்றாம் விடை ஒன்றும் உண்டு. எதிர்மறையாக ஒருவர் வினாவும்போது, அந்த மறுப்பை மறுத்து உண்மையை நிலைநாட்டும் சொல் 'டொஹ்' என்பது. 'நீங்கள் இலங்கையர் அல்லவே?' என்று ஒருவர் கேட்டால், 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் குழப்பம் தரும். 'டொஹ்' என்னும் ஒரு சொல், 'நீர் எண்ணுவது போலன்று, இலங்கையரே' என்று முழுமையாகச் சொல்லிவிடும்.

தமிழில் அதற்குத் தனிச்சொல் இல்லை, ஏகாரம் உண்டு. அதற்கு இலக்கணம் கூறும் பொருள்களுள் வினாவும் ஒன்று. தேற்றம், அதாவது ஐயமற்ற உறுதி, மற்றொன்று. கேட்பதற்கும் உறுதி சொல்வதற்கும் ஒரே எழுத்து. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நான்கைந்து தலைமுறையாக வாழ்ந்து, இறப்பர் மரத்துக்கும் தேயிலைச் செடிக்கும் தம் உழைப்பை உரமாக்கிய மக்கள், எந்த ஊர் என்று எவர் எம்மொழியிற் கேட்டாலும், 'இந்த ஊரே' என்று தேற்ற ஏகாரத்தோடு விடை சொல்வதற்கு உரியவர்கள். அந்த விடையைச் சொன்னபின், கேட்டவரை நோக்கித் தாமும் ஒரு வினாவைத் தொடுப்பதற்கும் அவர்கள் உரியவர்களே.